படகுக்குள் போட்ட மூட்டம்

தொண்ணூற்று நான்காம் வருஷம், ஆடி மாசம். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற ஓர் அணையின் படகுத்துறையில் நடந்தது. இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்தே அலுத்துப் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். கோபிச்செட்டிபாளையத்தில் வாழைக்காய் மண்டியில் தார் சுமந்தேன். பிறகு பழுக்க வைக்கிற அறைக்குள் புகைமூட்டம் போடுகிற ஆளானேன். அங்கிருந்து கோயமுத்தூருக்கு வந்து உக்கடத்தில் சீட்டுத் தைக்கிற பட்டறை வைத்தேன். பஸ் சீட்டு, லாரி சீட்டு, சினிமாக் கொட்டகை நாற்காலி என்று என் கை படாத சீட்டு கிடையாது. பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன் நான். கல்யாண வீட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லித் தரலீங்க, எல்லாம் நானாக் கத்துக்கிட்டதுங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பேன்.

அந்தத் துறையில் படகு விடுகிறவர், கூரையும் கண்ணாடி ஜன்னலும் வைத்த ஒரு பழைய மரப்படகைக் கேரளாவில் இருந்து வாங்கி வந்திருந்தார். இரண்டு மாசச் சாரலில் பூட்டியே கிடந்ததில் மெத்தையெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பிடித்துவிட்டது. கதவைத் திறந்தால் நனைந்த சாக்கு மக்கின மாதிரி ஒரு வாடை. ஏறினவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிடுவார்களாம். ஆடிப்பதினெட்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அணைக்கு வருவார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"மூணே நாளுங்க. நாலாம் நாள் உள்ள உக்காந்து எல போட்டுச் சாப்பிடலாமுங்க" என்றேன்.

மெத்தைகளைப் பிரித்து, பழைய நாரைக் கொட்டிவிட்டுப் புதுசு அடைத்தேன். பலகைகளைப் பினாயில் விட்டுத் துடைத்தேன். சாம்பிராணி போட்டேன். மறுநாள் காலையில் திறந்தால் அதே வாடை. மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதே. படகுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சாம்பிராணி போட்டுக் கோயிலாட்டப் பண்ணிட்டீங்க, சாமிதான் உள்ள இருக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான்காம் நாள் ஒரு யோசனை வந்தது. வாழைக்காயை எப்படிப் பழுக்க வைக்கிறோம்? அறையில் புகையைப் போட்டு, சந்து பொந்தையெல்லாம் மண் பூசி அடைத்துவிடுவோம். புகை வெளியே போகாவிட்டால் மூலை முடுக்கெல்லாம் வேலை செய்யும். அதே மாதிரி இங்கேயும் மருந்தைப் போட்டு அடைத்துவிட்டால்? பிளீச்சிங் பவுடர் பூசணத்தைக் கொல்லும், பாத்ரூம் கழுவுகிற ஆசிட் கறையை எடுக்கும், இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று நானே முடிவு பண்ணினேன்.

துறையைக் கூட்டுகிற ஓர் அம்மா இருந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கலாம். நான் ஜன்னல் சந்தில் ஈரச்சாக்குத் துணியைத் திணிப்பதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங்ணா, காலடியில இருக்கறது ஆசிட்டுங்களா? உள்ள பிளீச்சிங் நெடி வருதுங்களே. ரெண்டையும் சேத்துப்போடாதீங்க."

"அம்மணி, நீங்க கூட்டற வேலையப் பாருங்க. நான் முப்பது வருசமாத் தொழில் பண்றவன்."

அவர் துடைப்பத்தை எடுத்துப் படகை ஒட்டியே கூட்ட ஆரம்பித்தார். அங்கிருந்து போகவில்லை.

தரைப் பலகை முழுக்கப் பவுடரைத் தூவி வைத்திருந்தேன். புகை வீணாகக் கூடாதென்று கதவை உள்ளேயிருந்து அழுத்திச் சாத்திவிட்டு ஆசிட்டை ஊற்றினேன். ஊற்றினதும் வெளியே ஓடிவிடுவது என்று கணக்கு. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை தரையில் இருந்து எழுந்தது. கதவை இழுத்தேன். வரவில்லை. சாரலில் ஊறி உப்பின மரம், சட்டத்தில் இறுகிக் கவ்விக்கொண்டது.

தொண்டைக்குள் கத்தியை விட்டுத் திருகின மாதிரி இருந்தது. கண் தெரியவில்லை. மண்டியில் படித்த பாடம் ஒன்று உண்டு, மூட்ட அறையில் மாட்டிக்கொண்டால் குனிந்து தரையோடு தரையாக இருக்க வேண்டும், புகை மேலேதான் நிற்கும். அதனால் குனிந்தேன். முட்டி போட்டுவிட்டேன்.

கண்ணாடிக்கு வெளியே இருந்து அந்தக் குரல் கேட்டது.

"குனியாதீங்ணா! எந்திரிங்க! சீட்டு மேல ஏறி நில்லுங்க!"

நான் கேட்கவில்லை. அவர் விடவில்லை. "சொல்றது கேக்குதா? ஏறுய்யா மேல!" என்று ஒரு கத்துக் கத்தினார். என் வயசில் என்னை அப்படி யாரும் அதட்டினதில்லை. அந்த அதட்டலில்தான் எழுந்து சீட்டின் மேல் ஏறினேன். மேலே மூச்சு விட ஏதோ கொஞ்சம் காற்று இருந்தது. அவர் துடுப்பால் கண்ணாடியை உடைத்தார். தலையை வெளியே நீட்டினேன். சட்டையைப் பிடித்து இழுத்துத் துறையில் போட்டார். காற்று வரும் பக்கமாக உட்கார வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவிவிட்டார்.

இருமல் கொஞ்சம் நின்ற பிறகு, "முப்பது வருசத் தொழிலுங்களா?" என்றார். "மூணு நிமிசத்துல முடிஞ்சிருக்குமுங்க."

சிரிக்க முடியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"திருப்பூர்ல துணி வெளுக்கற பிளீச்சிங் பட்டறையில எட்டு வருசம் இருந்தனுங்க. இந்தப் புகை கனமுங்ணா, கீழதான் தங்கும். என்ற கூட வேல செஞ்ச புள்ள ஒருத்தி, பொகைன்னு குனிஞ்சு உக்காந்துட்டா. உக்காந்தவ எந்திரிக்கவே இல்லீங்க. அதுல தெரிஞ்சுக்கிட்டதுதானுங்க."

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஆடிப்பதினெட்டுக்கு அந்தப் படகு ஓடவில்லை. பிறகு போனபோது அந்த அம்மாதான் தரைப் பலகையைப் பெயர்க்கச் சொன்னார். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மழைத்தண்ணீர் தேங்கி, நாரும் இலையும் அழுகிக் கிடந்தது. நான் மேலே மேலே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீரை இறைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, கதவு ஜன்னலையெல்லாம் திறந்து காற்றில் காய விட்டோம். பத்து நாளில் வாடை போய்விட்டது. மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை.

பட்டறையை இப்போது மகன் பார்க்கிறான். அன்றைக்குக் கெட்ட நெஞ்சு முழுசாகத் தேறவே இல்லை. மாடிக்கு ஏறினால் ஏழாவது படியில் நின்றுவிடுகிறேன், பேசினால் களைப்பு வருகிறது. கல்யாண வீட்டில் யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டால், ஒருத்தரும் சொல்லித் தரவில்லை என்கிற அந்தப் பழைய வாக்கியம் வாய் வரைக்கும் வந்து நின்றுபோகிறது. திருப்பூரில் குனிந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை, பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை; ஆனால் படியில் மூச்சுக்காக நிற்கும்போதெல்லாம் அவள் நினைப்பு வராமல் அடுத்த படிக்குக் கால் எடுத்து வைத்ததில்லை.