எண்கள் ஒளிர்ந்த வானொலி

மத்திய வீதிக் கடையொன்றில் டிஜிட்டல் வானொலிப் பெட்டிகள் தூசி படிந்து கிடக்கின்றன. "இதுகள் விலைப்படாது. எல்லாரிட்டயும் போன் இருக்குத்தானே" என்றார் கடைக்காரர். அவர் பொத்தானை அழுத்தியதும் எழுந்த 'பீப்' ஒலி என்னைச் சண்டைக் காலத்துக்குக் கொண்டுபோனது.

சவூதியில் வேலை செய்த மாமா அப்பாவுக்கு அனுப்பிய சின்ன வானொலியும் அப்படித்தான் ஒலிக்கும். நிலையங்களைக் காட்டும் முள்ளுக்குப் பதிலாக அதில் பச்சை எண்கள் ஒளிரும். அப்பா அதைக் கதிரையில் வைத்துச் செய்தி போடுவார். அயலவர்கள் வேலியோரம் நின்று கேட்பார்கள். அந்த ஆர்வத்தைக் கண்ட கிண்ணியா வியாபாரி காசிம் நானா, அதேபோல ஒரு பெட்டி நிறைய வானொலிகளை எடுப்பித்தார்.

அந்த வாரமே இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. எங்கள் வானொலியில் எண்களைப் பார்த்த சிப்பாய்கள், அதைப் போராளிகளின் தொடர்புக் கருவி என்று நினைத்து, அதோடு அப்பாவையும் கூட்டிச் சென்றார்கள். அம்மா பகல் முழுக்க முகாம் வாசலில் நின்றார். பின்னேரம் ஓர் அதிகாரி பொத்தானை அழுத்திப் பார்த்தார். சிங்களப் பாட்டு ஒன்று வந்தது. அப்பாவை வானொலியோடு விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு காசிம் நானாவிடம் ஒருவரும் வாங்கவில்லை. "பாட்டுக் கேக்கிற சாமான்தான் தங்கச்சி. சொன்னா ஆரு நம்புற?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனார்.

அப்பா எங்கள் வானொலியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப் போனார். அம்மா தடுத்தார்.

"உள்ள வச்சா ஒளிச்சு வச்சதெண்டு சொல்லுவாங்கள். வெளியில கிடக்கட்டும். போடுங்கோ, செய்தி கேப்பம்."

அப்பாவின் விரல் பொத்தான்வரை போய் நின்றுவிட்டது. அம்மாதான் அழுத்தினார்.