எரிமலைக்கு ஷட்டவுன் தேதி தெரியாது

1. செவ்வாய்க்கிழமை வந்த மெயில்

கும்மிடிப்பூண்டியில் டிராவல்ஸ் கடை நடத்துகிறவனுக்கு எரிமலையால் தொல்லை வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. மழையால் வந்திருக்கிறது. ரயில் மறியலால் வந்திருக்கிறது. ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறொரு பெயரும் வைத்திருக்கும் மாமனார்களால் வாரம் ஒருமுறை வருகிறது. எரிமலை புதிது.

அன்று காலை பத்து மணிக்கு ஏர்லைனிலிருந்து மெயில் வந்தது. பாலிக்குக் கிழக்கே வேறொரு தீவில் இருக்கும் மலை ஒன்று வெடித்துச் சாம்பல் கக்குகிறது. கோலாலம்பூரிலிருந்து பாலிக்குப் போகும் அன்றைய ஃப்ளைட்டும் புதன்கிழமை ஃப்ளைட்டும் கேன்சல். வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் ஆட்கள் சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பாலிக்குக் கிளம்புவது வியாழக்கிழமை.

ஆட்கள் என்றால் இரண்டே பேர். மோசஸ், அவர் மனைவி எஸ்தர். மோசஸ் இங்கே ஒரு ஸ்டீல் கம்பெனியில் சீனியர் மெல்ட்டர். பழைய இரும்பை உருக்கும் ஃபர்னஸ் அவர் பொறுப்பு. வருஷத்தில் ஒரு வாரம் கம்பெனியை நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். அதற்கு ஷட்டவுன் என்று பெயர். மற்றவர்களுக்கு அது லீவு. மோசஸுக்கு மட்டும் அந்த வாரம் இரட்டிப்பு வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எஸ்தரை வெளியூர் அழைத்துப் போனது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணிக்கு. விழுப்புரம் தாண்டும்போது ஃபர்னஸில் ஏதோ எரிந்துவிட்டது என்று போன் வந்ததாம். அடுத்த பஸ் ஸ்டாண்டில் இறங்கித் திரும்பிவிட்டார்கள்.

இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஷட்டவுன் முழுக்க அவருக்கு லீவு கொடுத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை. ஷட்டவுன் முடிந்து அடுத்த புதன்கிழமை காலை எட்டு மணி ஷிஃப்டில் முதல் ஹீட், அதாவது முதல் உருக்கு. அதற்கு அவர் வந்து நிற்க வேண்டும்.

நான் போட்டுக்கொடுத்த திட்டப்படி அவர்கள் புதன்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குச் சென்னையில் இறங்குவார்கள். வீட்டுக்கு வந்து குளித்து நாஷ்டா சாப்பிட்டுவிட்டு நேராக ஷிஃப்டுக்குப் போகலாம். "ஒரு நாள்கூட வேஸ்ட் இல்லம்மா" என்று எஸ்தரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இருபத்தைந்து வருஷ அனுபவம் பேசியது என்று அப்போது நினைத்தேன்.

2. காக்கா பறக்கலியா?

எரிமலைகளைப் பற்றி நான் நாலைந்து புத்தகங்கள் படித்திருக்கிறேன். ரோமானியர்களின் ஊர் எப்படிப் புதைந்தது, எந்த மலை வெடித்த சத்தம் எத்தனை கடல் தாண்டிக் கேட்டது என்றெல்லாம் அரை மணி நேரம் பேசுவேன். வியாழக்கிழமை ஃப்ளைட் போகுமா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் அண்ணன் திருவள்ளூரில் பெருமாளுக்குக் கைங்கர்யம் செய்கிறார். "எல்லாம் நல்லபடியா நடக்குமா சாமி?" என்று அவரிடம் கேட்பவர்கள் அதே கேள்வியை என்னிடமும் கேட்பதுண்டு. அவர் சந்நிதியைக் காட்டிவிடுவார். எனக்குக் காட்டுவதற்குக் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்தான் இருக்கிறது. அதுவும் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் இருவரும் கடைக்கு வந்தார்கள். மோசஸ் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். சட்டை முழுக்கப் பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அதிகம் பேசாத மனிதர். அவர் பங்கையும் சேர்த்து எஸ்தர் பேசுவார்.

"சாம்பலுக்காகவா சார் ஃப்ளைட்ட நிறுத்திக்கினாங்க? எங்க ஊட்டு மொட்டை மாடிக்கு வந்து பாருங்க. வெள்ளைத் துணி காயப்போட்டா சாயங்காலம் வேற கலர்ல எடுத்துக்கினு வரேன். அதுல காக்கா பறக்கலியா?"

மோசஸ்தான் சொன்னார்.

"காக்கா வேற, எஞ்சின் வேற எஸ்தரு. நம்ம ஊட்டு மாடியில வர்றது புகைக்கரி. மலையில வர்றது கல்லுத் தூளு. எஞ்சினுக்குள்ள இருக்குற சூட்டுல அது உருகும். உருகி உள்ள ஒட்டிக்கும். எங்க ஃபர்னஸ்ல ஸ்லாக்குன்னு கசடு புடிக்கிற மாதிரி. நாங்க கம்பி வுட்டு வழிச்சி எடுத்துடுவோம். ஆகாசத்துல யாரு எடுப்பா?"

நான் படித்த நாலைந்து புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

3. பிட்டு எங்கே?

இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட நேரத்தில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பதறிப்போய் நாமே கேன்சல் செய்யக்கூடாது. ஏர்லைன் தானாகக் கேன்சல் செய்தால் நாம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நாம் முந்திக்கொண்டால் கெஞ்ச வேண்டியிருக்கும். அதனால் காத்திருந்தோம். மூன்றே கால் மணிக்கு மெயில் வந்தது. காற்று திரும்பிவிட்டது, வியாழக்கிழமை ஃப்ளைட் புறப்படும். விருப்பமில்லாதவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அல்லது கோலாலம்பூரோடு பயணத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

"பெட்டி கட்டுங்கம்மா!" என்றேன்.

எஸ்தர் எழுந்தே விட்டார். மோசஸ் எழவில்லை.

"வாணாம் சார்."

"இன்னாத்துக்கு வாணாம்?" என்று திரும்பினார் எஸ்தர். "தெனம் நெருப்பு பக்கத்துல நிக்கிற ஆளு, அந்த ஊரு சாம்பலுக்குப் பயந்துக்கினியா?"

"பறக்கறதுக்குப் பயமில்ல. ஓட்டறவன் பாத்துதான் ஓட்டுவான். போய் எறங்கிடுவோம். அப்பால காத்து இந்தாண்ட திரும்பினா எப்பிடி வெளிய வர்றது?" என்னைப் பார்த்தார். "சார், ஸ்க்ராப் போடறதுக்கு முன்னாடி நான் மொதல்ல பாக்கறது ஃபர்னஸ இல்ல. கீழ பிட்டுன்னு ஒரு குழி இருக்கும். ஃபர்னஸ் உள்பூச்சு, அந்த லைனிங், புட்டுக்கினா உருகுன இரும்பு அத்தினியும் அதுலதான் வந்து உழணும். குழி காலியா இருக்கணும், சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. அது சரியில்லன்னா மேனேஜரே வந்து நின்னாலும் சுவிட்ச் போட மாட்டேன். உங்க பிளான்ல பிட்டு எங்க சார்?"

என் பிளானில் பிட்டு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் காலை எட்டு மணிக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இருந்தது. அதில் ஒரு குளியலும் நாலு இட்லியும் இருந்தன.

தப்பை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக வேறு தப்பு செய்தேன். "அப்ப ஊட்டிக்குப் போயிட்டு வாங்களேன், ரிஸ்க்கே இல்லை" என்றேன்.

எஸ்தர் உட்கார்ந்துவிட்டார். அதுவரை இருந்த கிண்டல் குரலில் இல்லை.

"ஊட்டியா? ஊட்டிக்கு ஒரு போன் போட்டா மறுநாள் காலைல கம்பெனி கேட்டாண்ட வந்து நிப்பாரு. கொடைக்கானல்னா மத்தியானம் வருவாரு. பாலி கீலின்னு எனக்கு இன்னா சார் ஆசை? மேப்புல எங்க இருக்குன்னுகூட தெரியாது. போன் வந்தா ஒடனே வர முடியாத ஊருக்கு ஒருவாட்டி இவர இட்டுக்கினு போணும். அவ்ளோதான். அதுக்குத்தான் பாஸ்போர்ட்டே எடுத்தேன்."

மோசஸ் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதமாக அவர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறேன். எத்தனை ஸ்டார் ஹோட்டல், ரூமில் கடல் தெரிய வேண்டுமா, சைவமா அசைவமா என்று எல்லாம் கேட்டேன். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அது தெரிந்திருந்தால் தூரமான எந்த ஊரும் போதும் என்று புரிந்திருக்கும், பாலியை விற்றிருக்க மாட்டேன். போஸ்டர் நன்றாக இருந்தது, விற்றேன்.

4. பின்னாலிருந்து முன்னால்

தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டோம். மோசஸ் சொன்னபடி கடைசியிலிருந்து ஆரம்பித்தோம். புதன்கிழமை எட்டு மணி, முதல் ஹீட். அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை சும்மா. அதுதான் பிட்டு. திங்கள் மத்தியானம் சென்னை. அப்படியென்றால் திங்கள் காலை கோலாலம்பூரில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தால் சாம்பல் எந்தப் பக்கம் போனாலும் கோலாலம்பூருக்கு வந்து சேர முடியும்? ஆகாய வழி கூடாது. ரயில் இருக்க வேண்டும். ரயில் இல்லையென்றால் பஸ்.

பினாங்கு. கோலாலம்பூரிலிருந்து நாலரை மணி நேரம் ரயில், அப்புறம் கொஞ்ச தூரம் படகு. மலேசியாவுக்கு விசாத் தொல்லையும் அப்போது இல்லை.

"அங்க கடல் இருக்கா சார்?" என்றார் எஸ்தர்.

"இருக்கு."

"எறங்க வுடுவாங்களா? காட்டுப்பள்ளி துறைமுகத்துலயும்தான் கடல் இருக்குது. வேலிக்கு இந்தாண்ட நின்னு கப்பல எண்ணிக்கினு வரணும்."

"இறங்கலாம்மா."

"போன் வந்தா?"

"எடுத்தாலும் உடனே வர முடியாது. ரயிலே அரை நாள் ஆயிடும்."

"அப்ப போடுங்க. ஆனா அந்த செவ்வாக்கெழம பத்தி கம்பெனில யாருக்கும் சொல்லக்கூடாது. சும்மா இருக்குறாருன்னு தெரிஞ்சா கூப்ட்டுக்குவாங்க."

ஏர்லைனுக்கு எழுதி டிக்கெட்டைக் கோலாலம்பூரோடு நிறுத்தினேன். திரும்பும் தேதியை முன்னால் இழுத்தேன். பாலி ஹோட்டலுக்கு எரிமலையைக் காரணம் காட்டி ஒரு மெயில். அவர்கள் பதறாமல் பதில் போட்டார்கள். பக்கத்தில் எரிமலை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கம் போலிருக்கிறது. ஐந்தரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வியாழக்கிழமை இருவரும் கிளம்பிப் போனார்கள். ஏர்போர்ட்டில் உள்ளே நுழைந்ததும் எஸ்தர் முதல் வேலையாக மோசஸின் போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

5. மேனேஜரின் போன்

சனிக்கிழமை காலை கடையில் இருந்தேன். வெள்ளிக்கிழமையே காற்று மறுபடி திரும்பி, பாலிக்குப் போவதும் வருவதும் நின்றிருந்தன. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மோசஸின் பிளான்ட் மேனேஜரிடமிருந்து போன். கம்பெனி டிக்கெட் விஷயமாக அவரை எனக்குப் பழக்கம்.

"வரதன், மோசஸ் போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. லீவ் ஃபாரத்துல உன் நம்பரைக் குடுத்திருக்கான்."

"சொல்லுங்க சார்."

"வேலையெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிருச்சுய்யா. திங்கக்கிழமையே முதல் ஹீட் எடுத்துடலாம்னு பாக்கிறோம். அவன் நாளைக்குக் கிளம்பி வர முடியுமா? பாலியில எரிமலைன்னு டிவியில காட்டினான். மாட்டிக்கிட்டானா?"

என் எதிரில் ஸ்க்ரீன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர்–சென்னை ஃப்ளைட்டில் தாராளமாக இடம் இருந்தது. அதை விட்டால் இன்னொன்றும் இருந்தது.

நான் பொய் சொல்லிப் பழகாதவன் என்று சொன்னால் என் கஸ்டமர்கள் சிரிப்பார்கள். ஆனால் பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

"சார், பாலி ஃப்ளைட் எல்லாம் கேன்சல் சார். நேத்திலேருந்து ஒண்ணும் நகரலை."

"அடப் பாவமே. புதன்கிழமைக்காவது வந்துடுவானா?"

"அதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கேன் சார். புதன்கிழமை எட்டு மணிக்கு நிப்பாரு."

"ஸ்யூரா?"

"ஸ்யூர் சார்."

"சரி விடு. புதன்கிழமையே எடுத்துக்கலாம். ஒண்ணும் அவசரம் இல்லை."

போனை வைத்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒண்ணும் அவசரம் இல்லை என்ற அந்தக் கடைசி வார்த்தையை நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

6. வியாழக்கிழமை

முதல் ஹீட் நல்லபடியாக முடிந்த மறுநாள் சாயங்காலம் இருவரும் கடைக்கு வந்தார்கள். எஸ்தர் ஜாதிக்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று கொடுத்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஃபர்னஸ்காரர் மோசஸைவிட அவர்தான் அதிகம் கறுத்திருந்தார். மூன்று நாளும் கடலைவிட்டு ஏறவே இல்லையாம்.

மோசஸ் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"சார், நான் இல்லாதப்போ யாருமே என்னைத் தேடலியா?"

கேட்ட விதத்தில், தேடவில்லை என்றால் வருத்தப்படுவார் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னேன்.

"சனிக்கிழமை உங்க மேனேஜர் போன் பண்ணாரு. திங்கக்கிழமையே வர முடியுமான்னு கேட்டாரு. ஃப்ளைட்டெல்லாம் கேன்சல்னு சொல்லிட்டேன்."

மோசஸ் நிமிர்ந்தார். "கோலாலம்பூர்லேந்து ஃப்ளைட்டு ஓடிச்சே சார்?"

"அவர் பாலியைப் பத்திதானே கேட்டாரு."

எஸ்தர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மோசஸ் சிரிக்கவில்லை.

"அப்பால இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் அவசரம் இல்லை, புதன்கிழமையே எடுத்துக்கலாம்னாரு."

"அவசரம் இல்லன்னாரா?"

"ஆமா."

எஸ்தர்தான் பேசினார். குரலில் கேலி இல்லை.

"கூப்ட்டா வர்ற தூரத்துலயே இருந்தியா, கூப்ட்டாங்க. எட்டாத தூரத்துல இருந்தா அவுங்களே காத்துக்கினு இருக்குறாங்க. இத நான் சொன்னா நம்பலியே நீ."

"அடுத்த வருசம் ஷட்டவுன் எப்பன்னு கேட்டு வந்து சொல்றேன் சார்" என்றார் மோசஸ்.

"கேக்கறது இன்னா? தேதிய நீ சொல்லு. அவுங்க கேக்கட்டும்."

மோசஸ் காலண்டரைக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு மாதமாகத் தடவிக்கொண்டு போனார். ஷட்டவுன் எப்போதும் வரும் மாதத்தைத் தாண்டி, பள்ளிக்கூட லீவையும் தாண்டி, ஒரு சாதாரண வாரத்தில் விரலை வைத்தார். ஃபர்னஸ் முழு மூச்சில் ஓடுகிற வாரம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். திட்டத்தைத் திரும்பி வரும் நாளிலிருந்து போடுங்கள். ஒரு நாளைச் சும்மா விடுங்கள், அதை வெளியே சொல்லாதீர்கள். ஏர்லைனுக்கு முன்னால் நீங்கள் கேன்சல் செய்யாதீர்கள். ஊர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எதற்காகப் போகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் உடனே சொல்ல மாட்டார்கள். டீ வரவழைத்துக் கொடுத்து, கூட வந்திருப்பவரைப் பேசவிடுங்கள்.