மாமாவின் ஆயிரம் அடி

வைகாசி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். மழை இல்லை. தெற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. காற்று உடுமலைப்பேட்டைக் கடைவீதியின் புழுதியை அள்ளி டாக்டர் வீட்டு வராந்தாவில் கொட்டிக்கொண்டிருந்தது. நேரத்தை நானே சுவர்க்கடிகாரத்தில் பார்த்தேன். ஒன்பது வயதில் மணி பார்க்கத் தெரிந்தவன் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அந்தக் கர்வத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிமிடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பேசியது ஆறு வினாடி இருக்கும்.

அதற்கு முந்தைய இருபத்தைந்து நாட்களைச் சொன்னால்தான் இது விளங்கும்.

மாமா என் அம்மாவின் தம்பி. திருப்பூரில் பஞ்சு அரவை மில் ஒன்றில் பொதிக் கணக்குப் பார்த்தவர். லாரியில் ஏறும் பஞ்சுப் பொதிகளை நின்ற இடத்திலிருந்தே எண்ணுவார். பதினான்கு வருடத்தில் ஒரு பொதி கூடியதோ குறைந்ததோ கிடையாது. பொதியோடு வந்த தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. முப்பத்துமூன்று வயதில் ஆறு படி ஏற முடியாமல் நடுவில் உட்கார்ந்தார். உடுமலைப்பேட்டை டாக்டர் மருந்தைவிடக் காற்றைத்தான் அதிகம் எழுதிக் கொடுத்தார். தூசி இல்லாத இடம், திறந்த வெளி, தினமும் நடை. உட்காராமல் ஆயிரம் அடி நடந்துவிட்டால் ஊர் திரும்பி இலேசான வேலை பார்க்கலாம். முடியாவிட்டால் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஆண்கள் வார்டில் மனைவி கூடத் தங்க முடியாது. மாமாவுக்கும் அத்தைக்கும் நோயைவிட இதுதான் பெரிய பயம்.

இருவரும் அமராவதி நகருக்கு வந்து, அணைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அந்த அறையில் குடியிருந்தவை பாத்திரங்கள் மட்டும்தான். அவர்கள் வெளியில் வாழ்ந்தார்கள். வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதற்கு நாலடி தள்ளி மூன்று கல் அடுப்பு. கண் விழித்தால் எதிரே ஏரிபோல அணைத் தண்ணீர், அதற்கு அந்தப்பக்கம் மலை. பல் துலக்குவது, சோறு வடிப்பது, அத்தை தலை உலர்த்துவது, மாமா சவரம் செய்வது எல்லாம் அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். கோடை விடுமுறைக்கு என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள்.

அத்தை வாய்க்காலில் துணி துவைப்பார். மாமா கரையில் உட்கார்ந்து துவைத்த உருப்படிகளை எண்ணுவார்.

"ஒரு ரவிக்கை கொறையுது புள்ளே. அணை மொதலை போட்டுக்கிட்டுப் போயிருச்சாட்ட இருக்குது."

"போட்டுக்கட்டுமுங்க. நீங்க எடுத்துக் குடுத்த துணி எனக்குத்தான் பத்துல, அதுக்காச்சும் பத்தட்டும்."

திருப்பூரில் எட்டு வாசல் கொண்ட லைன் வீட்டில் நான்காவது வாசல் அவர்களுடையது. அங்கே இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்டதே இல்லை. பேசினால் ஏழு வீட்டுக்கும் கேட்கும். இங்கே காலையிலிருந்து பேச்சு. மாலையில் பரிசல்காரர்களிடம் மீன் வாங்கி வந்து, விலை கூடுதல் என்று பேச்சு. வறுக்கும்போது உப்புக் குறைவு என்று பேச்சு. நான் எண்ணத் தொடங்கி முடியாமல் விட்ட ஒரே விஷயம் அவர்கள் பேச்சுத்தான்.

நடையை எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது. தினமும் காலையில் நானும் மாமாவும் அணைக்கரைப் பாதையில் நடப்போம். நான் சத்தமாக அடிகளை எண்ணுவேன். மூச்சு முட்டி மாமா உட்காரும் இடத்தில் எண்ணிக்கை முடியும். வீடு திரும்பி நான் சொல்வதை அத்தை நோட்டில் எழுதுவார்.

மூன்றாம் நாள் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, நீ எண்ணறப்ப எம்பது வந்தொடனே நூறுன்னு சொல்லிப்போடு. மாமனுக்கு ஒரு தெம்பு வரும்."

"அது தப்புக் கணக்குங்க அத்தை."

"தப்புத்தான். மீனு ரண்டு துண்டு சேத்தி வெக்கறேன்."

இரண்டு துண்டுக்கு இணங்கினேன். ஐந்தாம் நாள் மாமாவின் முறை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து மூச்சை ஒரு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, "மாப்ளே, ஊட்டுக்குப் போனா எரநூறு சேத்திச் சொல்லு. அவ மொகம் வாடிப்போகுது" என்றார். பரிசலில் ஏற்றிக்கொண்டு போவதாகவும் சொன்னார்.

ஆக, என் தலைக்குள் மூன்று கணக்குகள் ஓடின. கால் நடந்தது ஒன்று, வாய் சொன்னது ஒன்று, நோட்டில் ஏறியது ஒன்று. கடைசித் திங்கட்கிழமை கால் நடந்தது அறுநூற்று நாற்பது. ஒவ்வொரு எண்பதையும் நூறாக்கினால் அது எண்ணூறாகும். நீங்களே போட்டுப் பார்க்கலாம். மாமாவின் இருநூறைச் சேர்த்து நோட்டில் ஆயிரம். அத்தை அந்த ஆயிரத்துக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அன்று மத்தியானம் கேசரி கிண்டினார்.

நடை தொடங்கிய முதல் நாள் கால் நடந்தது எழுநூற்று இருபது. அதாவது நோட்டில் ஏறிக்கொண்டிருந்த எண், என் தலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதை ஒரு கழித்தல் கணக்காக மட்டுமே பார்த்தேன்.

கேசரி கிண்டிய மறுநாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாமாவின் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "ஆயிரம் அடி நடக்கிற நெஞ்சு இல்லைங்களே இது" என்றவர், நோட்டுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "பையனுக்குச் சரியா எண்ணத் தெரியலை போல."

"எனக்கு எண்ணத் தெரியுமுங்க" என்றேன். "அறுநூத்தி நாப்பது. எம்பதை நூறாக்கச் சொன்னது அத்தை. எரநூறு சேத்துனது மாமா."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். மாமாதான் முதலில் சிரித்தார்; பாதியில் அது இருமலானது.

"எம்பதுக்கு மேல நூறாமா. மில்லுல நான் இப்பிடி எண்ணியிருந்தா மொதலாளி அன்னைக்கே தொரத்தியிருப்பான் புள்ளே."

"தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு நடந்தீங்களாக்கும். நீங்க வழியில குந்தறது வாய்க்கால்ல இருந்து எனக்குந்தான் தெரிஞ்சுது."

"அப்பறம் எதுக்கு ரண்டு கோடு போட்டே?"

"கேசரி கிண்டோணும்னு இருந்துச்சுங்க."

என் கணக்குத் திறமைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. கோயமுத்தூருக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். அத்தை மேசையருகே போய், "நான் அங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு ஓரமா படுத்துக்கறனுங்க" என்றார்.

"சாயங்காலம் நாலு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் வந்து பாக்கலாம்மா" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

அந்த ஆஸ்பத்திரியில் மாமா நூற்று ஐம்பத்திரண்டு நாள் இருந்தார். அத்தை ஒரு நாளும் தவறவில்லை. நாளுக்கு ஒரு மணி என்றால் நூற்று ஐம்பத்திரண்டு மணி. அதாவது ஆறு நாளும் எட்டு மணி நேரமும். நூற்று ஐம்பத்துமூன்றாம் நாள் காலையில் மாமா இறந்தார், பார்வை நேரத்துக்கு வெகு முன்னால். நான் பேசாமல் இருந்திருந்தால் அணைக்கரையில் அவர் ஒரு மாதம்தான் இருந்திருப்பார் என்று வைத்துக்கொண்டாலும், அது அத்தையோடு முப்பது முழு நாள். டாக்டர் செய்தது சரி. நான் சொன்ன எண்ணும் சரி. எழுபத்தொரு வயதுவரை இதை எத்தனையோ விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன்; விடை எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது என் நடையைக் கைப்பேசி எண்ணுகிறது. தெருவில் பனியன் கம்பெனி வண்டிகள் நடக்க விடுவதில்லை என்பதால் மொட்டை மாடியில் நடக்கிறேன். நேற்று இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. மருமகள் கேட்டாள், உள்ளதைச் சொன்னேன். என் மனைவி இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்காக எந்த எண்ணையும் நான் கூட்டிச் சொன்னதில்லை. நாங்கள் இருவரும் வெளியில், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டது நான்கு முறை. நான்கிலும் நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியிருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானமே என்னைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றி, தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கண்ணைத் துடைத்தார். "அழுவாத கண்ணு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணுல. மாமன் நல்லாகி வந்துருவாரு" என்றார். மாமா அத்தையின் தோளைப் பிடித்தபடி நின்று தலையை ஆட்டினார்.

நான் மாமாவுக்காக அழவில்லை. பள்ளிக்கூட விடுமுறை மொத்தம் நாற்பத்தைந்து நாள். அன்றோடு இருபத்தாறு கழிந்திருந்தது. வாயைத் திறந்ததில் எனக்கு நஷ்டம், பத்தொன்பது நாள்.