காதுக்காக மலையேறிய குணசேகரன் சார்

குணசேகரன் சார் தவறிவிட்டார் என்று போன் வந்தபோது நான் தலைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெள்ளையுமாகத்தான் துக்கத்துக்குப் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சங்கராபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் விலங்கியல் வாத்தியார். நான் அங்கே சத்துணவு சமைத்தவள், மூன்றாவதோடு நின்றவள். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் குறை சொல்ல அவருக்கு மனசு வராது. "இன்னிக்குத் தண்ணி நல்லா எறங்குது அஞ்சலை" என்பார்.

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டி ரோட்டில் போட்ட சமயம் அது. மறியலுக்குக் கொஞ்ச நாள் முன்பு, விறகு இறக்க வந்த என் வீட்டுக்காரரையும் என்னையும் சார் வகுப்பில் நிறுத்தினார். எங்கள் இருவருக்கும் காதின் அடிச்சதை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். இப்படிப்பட்ட தாய் தகப்பனுக்குத் தொங்கும் காதோடு பிள்ளை பிறக்கவே பிறக்காது, பரம்பரை விதி அப்படி என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்.

வீட்டில் தூளியில் கிடந்த எங்கள் கைக்குழந்தைக்குக் காது தொங்கியது.

என் வீட்டுக்காரர் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தார். மரவள்ளி பிடுங்கும் வேலை என்று கல்வராயன் மலைக்குப் போனவர் இறங்கவே இல்லை. தான் அந்தக் குழந்தைக்கு அப்பன் இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

நான் நேரே சாரிடம் போனேன். "உங்க பாடம் எங்க வூட்டுக்காரருக்குத்தான் நல்லா ஏறிச்சி சார். ஆளே மலை ஏறிட்டாரு."

சார் முகம் செத்துவிட்டது. கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பெரிய புத்தகங்களைப் புரட்டினார். தெருத் தெருவாகக் காது பார்த்தார். எங்களைப் போன்ற தம்பதிகளுக்குத் தொங்கும் காதுப் பிள்ளைகள் இருந்தன. ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டுங்கெட்டான் காதுகளும் இருந்தன. அதற்குள் மறியல் தொடங்கி, பஸ் நின்றுவிட்டது. மலைக்குப் போகச் சைக்கிளை எடுத்தார். வெட்டிப் போட்டிருந்த புளியமரங்களைத் தாண்ட அதைத் தோளில் தூக்கினார். எங்கே போகிறீர்கள் என்று மறியல்காரப் பிள்ளைகள் கேட்டதற்கு, ஒரு காது விஷயமாக என்றாராம். அவர்களே தூக்கிவிட்டார்கள்.

மலையில், வேலையாட்கள் எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஒரே ஒரு ஜீன் பண்ற வேலை இல்லப்பா காது. பல ஜீன் சேந்து பண்றது. காத வச்சி அப்பன் யாருன்னு சொல்ல முடியாது. தப்பு என்னுது முருகேசா, அஞ்சலை மேல இல்ல."

"அப்ப புஸ்தகம் பொய்யா சார்?"

"பொய்யில்ல. அது கம்மியா சொல்லிச்சி. நான் ஜாஸ்தியா சொல்லிட்டேன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் என் வீட்டுக்காரர், சோறு இருக்கிறதா என்றார். "மொதல்ல காதக் காட்டு, அப்பறம் போடறேன்" என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதார்.

மறியல் முடிந்து பள்ளி திறந்ததும் அதே வகுப்பில் எங்களை நிறுத்தி, தான் சொன்னது தவறு என்றார் சார். பரீட்சையில் எதை எழுதுவது என்று ஒரு பெண் கேட்டாள். "பரீட்சைல புஸ்தகத்த எழுதுங்க. வூட்ல யார் காதையும் பாக்காதீங்க" என்றார். சமையல்காரி ஒருத்தியின் மானத்துக்காகப் படித்தவர் ஒருவர் மலையேறிப் போனது அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்படாதது. நல்லபடியாகப் போங்கள் சார். உங்களால் என் வீடு வீடாக இருந்தது.

அன்று தூளியில் கிடந்த என் மகளும் துக்கத்துக்கு வந்தாள். குனிந்து மாலை போட்டாள். நிமிர்ந்தபோது ஜிமிக்கி சிக்கி, சார் மேல் கிடந்த மாலைகள் மொத்தமும் அவளோடு எழுந்து வந்தன. அவளுடைய அப்பாதான் அவள் காதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அதுவரை வரிசை நின்றது.