சூடு ஆறாத சைலன்சர் குழாய்

இது புகை நாற்றமில்லை. இது வாய் நாற்றம்.

கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். தோன்றிய உடனே சிரிப்பும் வந்தது. இரும்புக்கு ஏது வாய்? பதினாறு வருடமாக வண்டிகளுக்கு அடியில் கிடக்கிறவள் அவள். செத்த எலி முகத்தில் விழுந்திருக்கிறது. கெட்டுப்போன ஆயில் காதுக்குள் வழிந்திருக்கிறது. எழுந்து துடைத்துக்கொண்டு மறுபடி படுத்திருக்கிறாள். அக்காவுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டத்தான் என்று தம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். அதைக் கேட்க அவளுக்கு உள்ளூரப் பெருமையாகவே இருக்கும்.

இது இட்டுக்கட்டிச் சொன்னதில்லை, நடந்தது. அதுவும் இருட்டில் இல்லை, பட்டப்பகலில். நேரங்கள்கூட ஊகமில்லை. அவர்கள் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வேலைச் சீட்டு உண்டு. எதை எத்தனை மணிக்குத் தொட்டோம், எத்தனை மணிக்கு விட்டோம் என்று எழுதியாக வேண்டும். அன்றைய சீட்டை அவள் இன்னும் கிழித்துப் போடவில்லை. அதன் ஓரத்தில் ஒரு ஈரக்கறை இருக்கிறது. அது காய்ந்தபாடில்லை.

காலை பத்து மணிக்கு அவள் வந்தபோது கேரவன் முற்றத்தில் நின்றது. தம்பி அதற்குள் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டுகளில் ஏற்றி வைத்திருந்தான். முப்பது வருடப் பழசு. உள்ளே படுக்கை, அடுப்பு, சின்னக் கழிவறை, எல்லாம் இருந்தன. வண்டிக்காரர் ஒல்லியான மனிதராம், தனி ஆளாம். கேரவனிலேயேதான் தூங்குகிறாராம். பின்பக்கப் படுக்கையில் தலை வைத்தால் குமட்டுகிறது, அடியில் போகிற சைலன்சர் குழாய் ஓட்டையாக இருக்கும், முழுசாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கு வருவதாகப் போயிருந்தார்.

நியாயமான வேலைதான். குழாயில் ஓட்டை விழுந்தால் புகை படுக்கைக்குள் ஏறும். தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். அவள் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தாள்.

குழாய் முழுக்கத் துரு. விரலால் தொட்டால் செதில் செதிலாக உரிந்தது. யாரோ மூன்று இடங்களில் தகரம் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. கட்டுகளின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து உறைந்திருந்தது.

தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. காலையில் ஓட்டி வந்த சூடு என்று நினைத்தாள். சீட்டில் எழுதினாள்: 10.20, குழாய் சூடு, ஆறட்டும்.

பத்து ஐம்பதுக்கு மறுபடி நுழைந்தாள். அப்போதுதான் அந்தச் சொட்டு விழுந்தது. சைலன்சரில் தண்ணீர் சொட்டுவது புதிதல்ல, எல்லா வண்டியிலும் சொட்டும். இது சொட்டவில்லை. நூல் மாதிரி இழுத்துக்கொண்டு இறங்கி, அவள் உதட்டோரத்தில் அறுந்தது. வெதுவெதுப்பாக. வழவழவென்று. துப்பினாள். துப்பிய பிறகும் நாக்கின் அடியில் ஓர் உப்புக் கரிப்பு நின்றது.

வாயைக் கழுவிவிட்டு வந்தாள். பனியன் துணியைப் பந்தாகச் சுருட்டிக் குழாயின் வாலில் இறுக்கி அடைத்தாள். மணி 11.05.

11.20க்குத் துணி வெளியே தெரியவில்லை.

நெருக்கி அடைத்த துணி. தானாக உள்ளே போக வழியில்லை. நீள மூக்கு இடுக்கியை விட்டுத் துழாவினாள். ஒரு சாண் உள்ளே போய்தான் அகப்பட்டது. இழுத்தபோது அது லேசாக எதிர்த்தது... பிறகு விட்டது. கையில் வந்த துணி ஊறி, கசங்கி, மென்று துப்பியது போல இருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னக்கா, உனக்கே குமட்டுதா?” என்று தம்பி சிரித்தான். “அப்ப நான் ஊரை விட்டே ஓடணுமே.”

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாற்றத்தைத் தெரியும். ஒரே ஒரு முறை, பதினோரு வருடத்துக்கு முன், அதை முகர்ந்திருக்கிறாள்.

அம்மாவின் கடைசி மாதம். வாயெல்லாம் புண். பீயும் மூத்திரமும் அள்ள அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த வாய்க்கு மட்டும் அவளால் பக்கத்தில் போக முடியவில்லை. கடைசி நாள் பிற்பகலில் அம்மா விரலை அசைத்துக் கூப்பிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காதைக் கொண்டுபோனால்தான் கேட்கும். அவள் குனிந்தாள். பாதி தூரம் குனிந்தாள். அந்த மூச்சு முகத்தில் பட்டது. முகம் தானாகத் திரும்பிக்கொண்டது, சுவர்ப் பக்கமாக. திரும்பிப் பார்த்தபோது உதடு நின்றுபோயிருந்தது.

வெளியூரிலிருந்து ஓடி வந்த தம்பி அன்று கேட்ட முதல் கேள்வி, “அம்மா ஏதாவது சொன்னாங்களாக்கா?” என்பதுதான். இல்லடா, தூக்கத்திலேயே போயிட்டாங்க என்றாள். அவனும் நம்பினான். அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்தப் பட்டறையும், அக்கா தம்பி என்ற இந்தச் சேர்ந்த வாழ்க்கையும் நிற்பதாக அவளுக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

11.40. குழாயில் கை வைத்தாள். இன்னும் ஆறவில்லை. இஞ்சின் சூடு ஆறியிருக்க வேண்டும். இது வேறு சூடு. காய்ச்சல்காரர் நெற்றியின் சூடு.

நட்டுகள் துருவில் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டும் அசையவில்லை. 12.10க்குக் கட்டிங் மிஷினை எடுத்தாள். பொறி பறந்தது. பாதி அறுத்ததும் மிஷினை நிறுத்தினாள்.

அறுத்த வாயிலிருந்து காற்று வந்தது.

முகத்தில் பட்டது. நின்றது. பிறகு உள்ளே இழுத்தது. நெற்றியில் கிடந்த முடி அந்தப் பக்கமாக நகர்ந்தது.

மறுபடி வெளியே.

மறுபடி உள்ளே...

எண்ணினாள். ஒரு நிமிடத்துக்குப் பதினொன்று. நோயாளியின் மூச்சு.

மிச்சப் பாதியை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. அக்கா சாப்பிடாமல் தம்பியும் சாப்பிடவில்லை. இரண்டு பாத்திரங்களும் மேசையில் மூடியபடி கிடந்தன. புதுக் குழாயை மாட்டி, கேஸ்கெட் வைத்து, கிளாம்புகளை முறுக்கி முடித்தபோது மணி 3.35. பழைய குழாயை மதிலோரம் போட்டிருந்தார்கள். அதன் அறுத்த வாயை அவளே காலால் தள்ளி, மதிலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

சரியாக நாலு மணிக்கு வண்டிக்காரர் வந்தார். கேரவனில் ஏறிப் படுத்துப் பார்த்தார். நாற்றமில்லை என்றார். ஆனால் முகத்தில் நிம்மதி இல்லை.

“ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள். “மத்தியானம் வரைக்கும் குழாய் சூடு ஆறவே இல்ல.”

அவர் அவளைப் பார்த்தார். “ஓட்டிட்டா? இழுவை வண்டிலதானேம்மா வந்துச்சு. நான் வாங்கின நாள்லேருந்து இது ஸ்டார்ட்டே ஆனதில்ல. ரெண்டு வருஷமாச்சு.”

தம்பி தலையைச் சொறிந்தான். “ஆமாக்கா. நான் சொல்லலையா?”

இரண்டு வருடமாக ஓடாத வண்டி. புகையே போகாத குழாய்.

“அப்ப நாத்தம் எங்கேருந்து வரும்?” என்றாள்.

“அதைத்தான் உங்ககிட்ட கேட்கலாம்னு வந்தேன்.”

தம்பி கை கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான். வண்டிக்காரர் மதிலோரம் போனார். பழைய குழாய்க்குப் பக்கத்தில் குந்தினார். மதிலைப் பார்த்திருந்த வாயை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார். காதை வைத்தார்.

வெகு நேரம் அப்படியே இருந்தார்.

4.22.

“இத்தனை நாளும் வெறும் மூச்சுதான்,” என்றார். “இன்னிக்குப் பேசுது.”

அவளுக்குக் கேட்க வேண்டாம் போலிருந்தது. ஆனாலும் கேட்டாள். “என்ன பேசுது?”

“‘தம்பி சாப்பிட்டானா’ன்னு கேட்குது. திரும்பத் திரும்ப அதேதான். எனக்குத் தம்பியே கிடையாதும்மா.”

முற்றம் முழுக்க அந்த நாற்றம்.

“ஒரு தடவை காது வெச்சுப் பாருங்க,” என்றார். “இன்னும் என்னமோ சொல்ல வருது. உங்களுக்குப் புரியலாம்.”

தொட்டியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“அக்கா... கூப்பிட்டியா?”

“இல்லடா.”

அவள் மதிலோரம் போய்க் குழாயின் மேல் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தால் போதும். பாதி தூரம்தான் மிச்சம்.

மூச்சு முகத்தில் பட்டது.

முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. சுவர்ப் பக்கமாக.

“வேண்டாங்க,” என்றாள் மெதுவாக. “நான் கேட்க மாட்டேன்.”