தவம் அண்ணனும் ஸ்டியரிங் குழாயும்

தவம் அண்ணன் இறந்த செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசியவர் அவருடைய மச்சான். "அண்ணன் முடிஞ்சிட்டார் தங்கச்சி" என்று அழுதவர், அதே மூச்சில், "கை பிழைச்சிட்டாமே, ஓவசியர் சொல்றார்" என்றார். அண்ணன் ஓட்டியதில்தான் தவறு என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சொல்கிறாராம். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலும் மைதானங்களிலும் புல் வெட்டும் வேலை எங்களுக்கு. தவம் அண்ணன் புல்வெட்டு இயந்திரத்தில் ஏறி ஓட்டுவார்; நாங்கள் பெண்கள் பின்னால் புல்லை வாரிக் குவிப்போம். சுனாமிக்குப் பிறகு உதவியாக வந்த இயந்திரம் அது. முதல் நாள் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டி, "பாருங்க, என்ட பொஞ்சாதியும் இப்பிடிச் சொல்லுக் கேட்டதில்ல" என்று சிரித்தார்.

அவர் முன்பு ஓட்டிய உழவு இயந்திரத்தில் ஸ்டியரிங்கிலிருந்து சக்கரச் சில்லுவரை இரும்பு தொடுத்திருக்கும். இதில் அது இல்லை. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தப் பக்கத்துக் குழாயால் எண்ணெய் பாய்ந்து சிலிண்டரைத் தள்ள, சில்லு திரும்பும். நடுவில் இருப்பது எண்ணெய் மட்டும்தான். அது போய்விட்டால் ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். பீமன் பிடித்தாலும் சில்லு அசையாது. "கை பிழை" என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சண்டைக் காலத்தில் எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, சைக்கிளின் ரப்பர் ரியூப். தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் வாளி ஒழுகினாலும் ரியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றுவோம். அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் சண்டை முடிந்து, பாதை திறந்து, கடைகளில் சாமான் குவிந்த பிறகும், ஸ்டியரிங் குழாய் கசிந்தபோது ஓவசியர் ரியூபைத்தான் சுற்றுவித்தார். தவம் அண்ணன் ஏற மறுத்தார். "இது தண்ணிக் குழாய் இல்ல சேர். ஓயில் அமுக்கத்துல வாறது. புதுக் குழாய் வந்தாத்தான் ஏறுவன்." யாரோ பெரிய மனிதர் வரும் விழாவுக்கு மைதானம் வெட்டவும் தவம் அண்ணன் ஏறவில்லை. "புல்லுல நடந்தா அவர்ட கால் தேயாது" என்றார்.

மார்கழி மழையில் புல் முழங்காலுக்கு வளர்ந்தது. சுனாமி நினைவு நாள் வந்தது. இறந்தவர்களை ஒன்றாகப் புதைத்த வாவிக்கரையில்தான் தவம் அண்ணனின் மகளும் கிடக்கிறாள். அது தெரிந்துதான் ஓவசியர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "உன்ட புள்ள கிடக்கிற இடம். புல்லுப் பத்தைக்குள்ள விடப்போறியா?"

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

தவம் அண்ணன் ஏறினார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான். "இறங்குங்க அண்ணே, நாங்க கத்தியால வெட்டித் தாறம்" என்று கத்தினேன். "மழை இருட்டுது புள்ள. கரையோரம் மட்டுந்தான்" என்றார். கரைச் சரிவில் குழாய் வெடித்து எண்ணெய் புல்லெல்லாம் சிதறியது. ஈரப் புல்லில் பிரேக்கும் பிடிக்கவில்லை. இயந்திரம் அவரோடு வாவிக்குள் புரண்டது. இழுத்தெடுத்து, மூச்சிருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் நாங்கள்தான்.

செத்த வீட்டுக்கு ஓவசியர் மாலையோடு வந்தார். "நல்ல மனுசன். கை பிழைச்சிட்டு. விதி" என்றார். விதியா வந்து ரியூப் சுற்றச் சொன்னது? இப்போது ஊரும் அதையே சொல்கிறது. தன் பிள்ளையின் குழியருகே தானே விழுந்த கவனமில்லாதவன் என்று அவர் பெயர் நிற்கப்போகிறது.

"முகத்துக்கு முன்னால சொல்லு, இல்லாட்டி வாயப் பொத்து" என்பார் தவம் அண்ணன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். விசாரணை வைக்கப் போகிறார்களாம். நிரந்தரமில்லாத வேலைக்காரிக்கு ஏன் வம்பு என்கிறார்கள். வேலை போனால் போகட்டும். ஓவசியரின் முகத்துக்கு முன்னால் நின்று சொல்வேன்: நான் பின்னால்தான் நின்றேன். தவம் அண்ணன் ஸ்டியரிங்கைக் கரைப்பக்கம் முழுதாகத் திருப்பினார். சில்லு திரும்பவில்லை.