மணிக்கட்டில் இரண்டு பல் தடம்

கடைத்தெருவில் எந்த ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டாலும் ஷட்டர்காரருக்குத்தான் ஆள் போகும். இருபது வருஷம் தகரச் சத்தத்துக்குள்ளேயே நின்று வேலை பார்த்தவர். வீட்டில் உப்புக் கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். கூடவே வேலை செய்தவன் அவர் மனைவியின் தம்பி. ஷட்டரைக் கழற்றி மாட்ட இரண்டு ஆள் தோள் வேண்டுமே.

"நல்லா தூக்கு மாப்ள. உங்கக்கா போடுற சோத்துக்கு இவ்வளவுதான் தெம்பா?"

"நீங்களும் அதைத்தான தின்னீங்க மச்சான். பாரம் பூரா என் பக்கம்தான் இருக்கு."

இந்த வேலையில் கை கிழியாத வாரம் கிடையாது. தகட்டு விளிம்பு பிளேடு மாதிரி. ஆழமாகக் கிழித்தால் இரண்டு பேரும் போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்வார்கள். சின்னதென்றால் அழுக்குத் துணியால் துடைத்து, ஸ்பிரிங்குக்குப் போடுகிற கிரீஸையே கொஞ்சம் தடவிவிட்டு அடுத்த திருகைத் தேடுவார்கள். காயத்தை ஒரு பொருட்டாக நினைக்கிற ஆட்களில்லை.

ஒரு நாள், வெகு நாளாய்ப் பூட்டிக் கிடந்த துணிக்கடையின் ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கியபோது உள்ளே இருட்டில் ஒரு நாய். பின்பக்கச் சந்து வழியாக நுழைந்திருக்கும். விரட்டுவதற்கு அவர் கையை நீட்டியதுதான் தாமதம், குரைக்காமல் கொள்ளாமல் மணிக்கட்டைக் கவ்வியது. உதறினார். ஓடுகிற ஓட்டத்தில் தம்பியின் கெண்டைக்காலையும் கீறிவிட்டுப் போனது.

"மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

"எதுக்கு? போன மாசம்தான தகடு கிழிச்சதுக்கு ரெண்டு பேரும் ஊசி போட்டோம். அது எல்லாக் காயத்துக்கும் தாங்கும். பிடி, ஷட்டர் தொங்குது."

ஷட்டர் உண்மையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி பிடித்தான். இரண்டு பல் பதிந்த இடத்தில் கிரீஸ் ஏறியது. வீட்டில் சொல்லவில்லை. கைக்காயத்தையெல்லாம் யார் வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது? அந்த நாய் அப்புறம் தெருவில் தென்படவே இல்லை. அதையும் யாரும் யோசிக்கவில்லை.

ஏழாவது வாரம் மணிக்கட்டு சுருக் சுருக்கென்று குத்துகிறது என்றார். ஸ்பேனர் பிடித்ததில் நரம்பு பிசகியிருக்கும் என்று தம்பி தைலம் தேய்த்துவிட்டான். மறுநாள் காய்ச்சல். அதற்கும் மறுநாள் காலையில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர், தொண்டை இழுத்துக்கொள்ள, கிளாஸைத் தள்ளிவிட்டார்.

"குடிக்கணும் போலத்தான் இருக்கு. முடியல."

அதைச் சொன்ன குரல் பக்கத்தில் நின்ற மனைவிக்கே சரியாகக் கேட்கவில்லை. மின்விசிறிக் காற்று பட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாய் ஏதாவது கடிச்சுதா?"

"இல்லைங்க," என்றாள் அக்கா.

"கடிச்சுது," என்றான் தம்பி.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே டி.டி. போட்ட கதையைச் சொன்னான்.

"அது தகரம் கிழிச்சதுக்குப்பா. நாய்க்கடிக்குப் போடுறது வேற," என்றார் டாக்டர். "அன்னைக்கே குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிட்டு வந்திருந்தா, காயத்தைச் சுத்தி ஒரு மருந்தும் தடுப்பூசியும் போட்டிருப்போம். வீட்டுக்கு நடந்தே போயிருப்பார். ரேபிஸ் நோய் வெளிய தெரிஞ்சதுக்கு அப்புறம் எங்களால காப்பாத்த முடியாதும்மா. கஷ்டம் தெரியாம வெச்சுக்கலாம், அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "அந்த நாய் வேற யாரையாவது?"

மச்சான் உள்ளே கிடக்கும்போது தன் காலைப் பற்றிப் பேசத் தம்பிக்கு வாய் வரவில்லை. கடைசியில் பேண்ட்டைத் தூக்கிக் காட்டினான். "லேசா ரத்தம் வந்துச்சு. ஆனா ரெண்டு மாசம் ஆகப்போகுதே சார்."

"எத்தனை நாள் ஆனாலும் போடணும்."

"போடுங்க," என்றாள் அக்கா. தம்பியைப் பார்க்காமலே சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் ஷட்டர்காரர் போய்விட்டார். கடைத்தெருவை இழுத்து மூடினார்கள். ஒரு ஷட்டர்கூட எங்கேயும் மாட்டவில்லை.

அக்கா தம்பியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஊசிக்குக் காலையிலேயே அவன் வாசலில் வந்து நின்றாள், ஊசிச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏழாம் நாளும் அப்படியே. இருபத்தெட்டாம் நாள் அவன்தான் வாயைத் திறந்தான்.

"நானே போய்க்கிறேன்க்கா. எனக்கு நல்லாத்தான இருக்கு."

"அவருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நட."

நர்ஸ் ஊசி போட்டுவிட்டுச் சீட்டில் குறித்தாள். "இதோட முடிஞ்சுது."

"இனிமே இவனுக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"எல்லா ஊசியும் போட்டாச்சும்மா. பயப்படாதீங்க. மறுபடி நாய் கடிச்சா மட்டும் உடனே வந்துரணும்."

அக்கா சீட்டை மடித்தாள். வெளியே வந்து வரிசையில் காத்திருந்தவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷனைக் கொண்டுபோன அன்றுகூடச் சத்தம் காட்டாதவள், அங்கே அத்தனை பேர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். தம்பி பக்கத்தில் நின்றான். அவள் அழுது முடிக்கிறவரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.